நித்யாவுக்கு, அந்த ஜீன் ரிப்போர்ட் விஷயமாக

அன்புள்ள நித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டை அப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாண ஆல்பம் மாதிரி கலர் கலராக இருக்கிறது. அதில் காம்ட் பக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "மெட்/மெட். கவலைப்படும் ரகமாம். டீம் லீட் வேண்டாம்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு பயோகெமிஸ்ட்ரி நடத்திவிட்டுச் சொந்த மகளிடம் சும்மா இருக்க முடியுமா?

அந்தப் பக்கத்தில் இருக்கும் கெமிஸ்ட்ரி பொய்யில்லை. காம்ட் என்பது, மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் மீது ஒரு மீதைல் தொகுதியை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும் என்சைம். பின்னாளில் நோபல் வாங்கிய ஜூலியஸ் ஆக்ஸல்ராட் 1950களின் கடைசியில் கண்டுபிடித்தது. அதற்கான மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' வந்தால், என்சைமின் 158ஆவது அமினோ அமிலம் வாலைனுக்குப் பதில் மெத்தியோனின் ஆகிவிடும். வாலைன் ரகம் 'வால்', மெத்தியோனின் ரகம் 'மெட்'. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் மெட் என்றால் மெட்/மெட். அந்த மெட் என்சைம் உடம்புச் சூட்டிலேயே தளர்ந்துபோகும். வேகம் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது வியாதி இல்லை. ஊர் உலகத்தில் ஏராளமான பேருக்கு இருக்கும் சாதாரண வேறுபாடு.

மூளையின் மற்ற பல இடங்களில் வெளியே வந்த டோபமைனை ட்ரான்ஸ்போர்ட்டர் புரதம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையில் அந்தப் புரதம் குறைச்சல், அங்கே காம்ட்டை நம்பித்தான் பிழைப்பு. பந்தியில் இலை எடுப்பவர் மெதுவான ஆளாக இருந்தால் இலை கொஞ்ச நேரம் கிடக்கும் இல்லையா, உன் முன்மூளையில் டோபமைன் அப்படிக் கிடக்கலாம். அதிலும் 'கிடக்கலாம்' என்பதுவரைதான். உன் தலையில் டோபமைன் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. எச்சிலில் இருந்து டிஎன்ஏவைப் படித்தார்கள், மிச்சமெல்லாம் ஊகம்.

2001ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் வைன்பெர்கர் குழு, சீட்டுகளைப் பிரிக்கும் ஒரு சோதனையை வைத்துப் பார்த்தது. பழைய விதியையே பிடித்துத் தொங்கிச் செய்யும் தவறுகளில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 4 சதவீதத்துக்கு இந்த ஜீன் காரணம் என்று வந்தது. அதில் மெட் ஆட்கள் தோற்கவில்லை, நன்றாகவே செய்தார்கள்! அதை மட்டும் ரிப்போர்ட்காரர்கள் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2003ல் அதே குழு ஆரோக்கியமான ஆட்களுக்கு டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. டோபமைன் கூடியதும் வால்/வால் ஆட்களின் முன்மூளை சிக்கனமாக வேலை செய்தது. மெட்/மெட் ஆட்களோ கடினமான நினைவுச் சோதனை வந்தபோது பின்னுக்குப் போனார்கள். டோபமைன் குறைந்தாலும் சங்கடம், கூடினாலும் சங்கடம். உன்னை நெருக்கடியில் தடுமாறுகிறவள் என்று எழுத ரிப்போர்ட்காரர்களுக்குக் கிடைத்த பிடி இதுதான். 2008ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, இந்த ஜீனுக்கும் சோதனை மதிப்பெண்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ரிப்போர்ட்டில் மாதவிடாய் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடினால் காம்ட் குறையும். 2011ல் பெர்க்லியில் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் ஏறும் நாட்களில் வால்/வால் பெண்களின் நினைவுத்திறன் நன்றாக இருந்தது, மெட்/மெட் பெண்களுக்குக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரே பெண்ணுக்கு மாதத்துக்குள்ளேயே மாறுகிற ஒன்றை வைத்து ஆயுசுக்கும் முத்திரை குத்துகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்த பக்கத்தில், மூளையின் இன்னொரு செய்தி ரசாயனமான செரட்டோனின் சம்பந்தப்பட்ட ஜீனின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1996ல் 505 பேரை வைத்து, பதற்றக் குணத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 3, 4 சதவீதத்துக்கு அந்த ஜீன் காரணம் என்றார்கள். அதன்மேல் கோபுரமே கட்டினார்கள். 2019ல் கொலராடோ பல்கலைக்கழகத்தார், மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேர்போன 18 ஜீன்களை மிகப் பெரிய தரவில் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜீன்களைவிட அவை ஒன்றும் உசத்தியாக இல்லை.

உனக்கு மெட்/மெட் என்றால் ஒன்று நான் கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. நான் கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். உன் அப்பாவோ ரயில் நகர ஆரம்பித்த பிறகும் பிளாட்ஃபாரத்தில் நின்று டீக்குச் சில்லறை வாங்குகிற மனுஷர். ரெண்டு பேரிடமும் அந்த மெட் இருக்கிறதடி.

அதனால் டீம் லீட் விஷயத்தில் சம்பளத்தைப் பார், அந்த மேனேஜரின் குணத்தைப் பார், ராத்திரி போன் எத்தனை வரும் என்று பார். வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக வேண்டாம் என்று சொல். காம்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

உருப்படியான பக்கம் கடைசியில் இருக்கிறது, நீ கவனித்திருக்க மாட்டாய். சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் என்சைமில் உனக்கு வேலை செய்யாத பிரதி ஒன்று இருக்கிறதாம். எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மனநல மாத்திரைகளை உடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டு. ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க அப்பா சாப்பிடும் குளோபிடோக்ரெல் மாத்திரை வேலை செய்வதற்கும் அதே என்சைம் வேண்டும். உனக்கு வந்தது அவரிடமிருந்தா என்னிடமிருந்தா என்று அந்தத் தாளில் தெரியாது, கார்டியாலஜிஸ்ட்டைத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்கு அடுத்த வாரம் செக்கப். ஜெராக்ஸில் அந்தப் பக்கம் கருப்படித்துவிட்டது, அதை மட்டும் தெளிவாகத் திரும்ப அனுப்பு.

அன்புடன்,
அம்மா