கயல்விழிக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமறிய ஆவல்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காட்பாடியில் இரவு பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை சுடுகிறது. நேற்று அதில் கால் வைத்ததும் ஒளியில் செய்தி ஏற்ற நீ செய்கிற பிளாஸ்டிக், அந்தப் பாலிமர்தான் நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இளகும் வரை சூடாக்கி, மின்புலத்தால் மூலக்கூறுகளை ஒரே திசையில் நிறுத்தி, மின்புலத்தை எடுக்காமலே ஆறவிட வேண்டும். பிறகு மின்னழுத்தம் மாறினாலே ஒளிவிலகல் எண் மாறும். சிலிக்கானுக்கு இயல்பில் அந்தக் குணம் கிடையாது. குறைந்த மின்னழுத்தத்தில், 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான வேகத்திலும் ஒளியில் செய்தி ஏற்றலாம் என்றாய். மறுபடி சூடேறினால் மூலக்கூறுகள் கலைந்துவிடும் என்றாயே, அது சரியாகிவிட்டதா? இழையின் முனையில் ஒளியை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவரை 85 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்களாமே, தாங்குகிறதா? ஆக்ஸிஜன் படாமல் மூட வழி கிடைத்ததா?

முப்பது வருடம் கேபிள் ஜாயின்டராக இருந்தவன் நான். பாலாற்றங்கரைக் குழிக்குள் குடை பிடித்துக்கொண்டு கண்ணாடி ஒளியிழைகளை இணைத்திருக்கிறேன். ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். ஒரு தூசி விழுந்தால் திரும்ப வெட்ட வேண்டும். அந்த இழையின் முனையில் என் மகள் செய்த பொருள் உட்காரப் போகிறது. இதை நான் சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

ஆனால் ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஃபோன் இல்லை. அப்பா அம்மாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா? கடைசியாகப் பேசியபோது உன் ஊரில் புதன்கிழமை, பகல் பதினொரு மணி. உன் பின்னால் சமையலறை தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. லித்தியம் நியோபேட் படிகம் இதே வேலையில் பல வருடமாக ஊன்றி நிற்கிற பொருள். அதன் இடத்தைப் பிடிக்க நாளாகும். அதற்காகக் கலங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

'மகளை எவ்வளவு படிக்க வைத்துவிட்டீர்கள்' என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். உன் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வங்கி வாசல் வரை வந்துவிட்டு, அவசர வேலை என்று பொய் சொல்லித் திரும்பியவன் நான். வேலை எதுவும் இல்லை. கடன் அடையாவிட்டால் இந்த வீடு போய்விடும் என்று பயந்தேன். அம்மாதான் வளையலைக் கழற்றினாள். அன்று நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான் இப்போதும் என்னிடம் சொல்லத் தயங்குகிறாயோ?

வீட்டுப் பத்திரம் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். தேவை என்றால் சொல், இந்த முறை கையெழுத்துப் போடுகிறேன். எந்த நேரமானாலும் ஃபோன் செய்.

அப்பா