மசீராவுக்குப் போற கைட் கூட்டத்துக்கும் கேம்ப்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

ஜூன் பொறந்ததும் மஸ்கட்ல இருந்தும் துபாய்ல இருந்தும் கைட் (பெரிய பட்டம் மாதிரி காத்துல பறந்து, போர்டு மேல நிக்கிற நம்மள தண்ணில இழுத்துட்டுப் போறது), போர்டு, பம்ப் எல்லாத்தையும் கார்ல திணிச்சுக்கிட்டு ஓமான்ல இருக்கிற மசீரா தீவுக்குக் கிளம்புற நம்ம ஆளுங்களுக்கும், அங்க கூடாரம் போட்டு சோறு போடுற கேம்ப்காரங்களுக்கும்தான் இத எழுதுறேன். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், அப்புறம் காத்து அடிக்க ஆரம்பிச்சிட்டா யாரு காதுலயும் எதுவும் ஏறாது.

அந்த இடத்தோட அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மஸ்கட்ல இருந்து அஞ்சாறு மணி நேரம் பாலைவனத்துல ஓட்டி, ஷன்னா துறைமுகத்துல ஃபெர்ரி ஏறி (வழில சப்கா உப்புத்தரைல ஷார்ட்கட் அடிக்கிறேன்னு இறங்கி அச்சு வரைக்கும் புதைஞ்சவங்க கதையெல்லாம் தனியா எழுதலாம்) தீவுல இருக்கிற ஹில்ஃப் ஊர்ல இறங்கினா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து நிக்கவே நிக்காது. சோமாலியா பக்கமிருந்து வர்ற அதே தென்மேற்குப் பருவக்காத்துதான், நம்மூர்ல ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றமே, ஆரல்வாய்மொழில காத்தாலையெல்லாம் சுத்துதே, அதுதான். 20, 25 நாட்ஸ் (மணிக்கு 37, 46 கிலோமீட்டர் போல) வேகம் அங்க சாதாரணம், அடில இருந்து குளுந்த தண்ணி மேல ஏறி வர்றதால மஸ்கட் 40 டிகிரியத் தாண்டி வேகும்போது மசீராவுல 30 சொச்சத்துல சுகமா இருக்கலாம்.

நம்ம சீசனும் ஆமை சீசனும் ஒண்ணா வர்றதுதான் சிக்கலே. பெருந்தலை ஆமை உலகத்துலயே ரொம்ப அதிகமா முட்டை போட வந்த கரைகள்ல மசீராவும் ஒண்ணு, 1970கள்ல வருஷத்துக்கு 30,000 பெண் ஆமை கிட்ட வருதுன்னு கணக்குப் போட்டிருந்தாங்க. இப்ப அதுல ரொம்பக் குறைஞ்சு போச்சு, வடமேற்கு இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற இந்தக் கூட்டத்த மிக அருகிய நிலைன்னு 2015லயே அழியுற உயிரினங்களுக்கான சிவப்புப் பட்டியல்ல போட்டாச்சு. இதுக்குப் பெரிய காரணம் நாம இல்ல, மீன் வலையும் மத்ததும்தான், அது எனக்கும் தெரியும். ஆனா வலைய நிறுத்துறது நம்ம கைல இல்ல, காரை நிறுத்துறது நம்ம கைலதான இருக்கு.

"கேம்ப் இருக்கிறது தென்மேற்குப் பக்கம், ஆமை வர்றது வடகிழக்குக் கரைல, நமக்கென்ன"ன்னு ஒருத்தர் கேட்டாரு. சரி, ஆனா அலை வேணும்னு கிழக்குப் பக்கம் போறது யாரு? போனா ரோட்டுல நிறுத்திட்டு நடக்குறமா? ஃபோர் வீலர எடுத்துக்கிட்டு மணல் மேல நேரா தண்ணி ஓரம் வரைக்கும் விட்டுடுறோம். அந்த மணலுக்கு அடில ஒரு குழிக்கு நூறு முட்டை கிட்ட இருக்கும், ரெண்டு மாசம் போல ஆகும் பொரிய. வண்டி ஏறினா மணல் இறுகிப் போகும். பொரிஞ்சு வந்த குஞ்சு உள்ளங்கைல அடங்குற சைஸ், டயர் தடத்துல விழுந்தா ஏற முடியாம அந்தப் பள்ளத்துலயே நீளத்துக்கும் நடந்துகிட்டு இருக்கும். விடியுறதுக்குள்ள தண்ணிக்குப் போகலன்னா நண்டோ கடற்காக்காவோ பாத்துக்கும்.

அப்புறம் இந்த லைட்டு. குஞ்சு வெளிச்சமா இருக்கிற பக்கம்தான் போகும், ராத்திரில கடல்தான் வெளிச்சமா தெரியும்கிறது அதோட கணக்கு. நாம பார்பெக்யூவுக்கு கார் ஹெட்லைட்ட போட்டு விட்டா கடல விட்டுட்டு நம்மள நோக்கி வருது. முட்டை போட ஏறி வர்ற தாய் ஆமையும் வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் பாத்தா போடாமலே திரும்பிடும். போன சீசன்ல ஒரு கேம்ப்ல "ஆமை பாக்கப் போலாம் வாங்க"ன்னு ராத்திரி ஆளுங்கள ஏத்திட்டுப் போயி, எல்லாரும் போன் டார்ச்ச அது மூஞ்சில அடிச்சு செல்ஃபி எடுத்தாங்க. பாக்கவே கூசுச்சு. ஓமான்ல ஆமைக்கும் முட்டைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கு, போலீஸ் வந்து கேட்டாத்தான் அடங்குவோமா?

கேம்ப்காரங்களே, உங்ககிட்ட கேக்குறது பெரிய செலவு இல்ல. கிழக்குக் கரைக்கு ஆள் கூட்டிட்டுப் போனா கெட்டியான தரைலயே வண்டிய நிறுத்துங்க, கியர தூக்கிட்டு நடக்கட்டும், ஹார்னஸ் (கைட்ட இடுப்போட மாட்டுற பட்டை) போட்டுத் தொங்குற உடம்புக்கு நூறடி நடக்க முடியாதா என்ன. பொழுது சாய்றதுக்குள்ள கைட்ட மடிச்சு கரைய காலி பண்ணிடுங்க, அந்தப் பக்கம் காத்து கடல் நோக்கி இழுக்கும், மீட்கப் படகும் கிடையாது, ஆமைக்காக இல்லன்னாலும் உங்க கஸ்டமருக்காகவாவது. கேம்ப் லைட்ட கீழ பாத்து கட்டுங்க, வெள்ளைக்குப் பதிலா சிவப்போ மஞ்சளோ போடுங்க. அறுந்த கைட் லைன் (கயிறு) துண்டுங்களுக்கு ஒரு வாளி வைங்க, அது மக்கவே மக்காது, ஆமை கழுத்துலயோ துடுப்புலயோ மாட்டினா அவ்ளோதான்.

புக்கிங் கன்ஃபர்ம் ஆகும்போது காத்து ரிப்போர்ட், ஃபெர்ரி டைம் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புறீங்கல்ல, அதோட இதையும் ரெண்டு வரி சேத்து அனுப்புங்க. தமிழ்ல, மலையாளத்துல வேணும்னா நாங்களே எழுதித் தர்றோம்.

இப்படிக்கு,
மஸ்கட்ல இருந்து வர்ற ஒரு 9 சதுர மீட்டர் கைட்காரன்