மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள்: வேலூர் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம், அந்தப் பக்கம் குடியாத்தம், ஆம்பூர் வரைக்கும் வயரிங் வேலை பார்க்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டர் போர்டு, எடை மிஷின், ஈசிஜி மிஷின் என்று வருவதைப் பழுது பார்ப்பது என் தொழில். "தொட்டா ஜிவ்வுனு இழுக்குது", "ஸ்பீக்கர்ல ஒரே இரைச்சல்", "டச் ஸ்கிரீன் தானா ஆடுது" என்று கொண்டுவருகிறார்கள். என் மேஜையில் போட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. கடைக்குத் திரும்பிப் போனதும் பழைய கதை. நேரில் போய்ப் பார்த்தால், பல இடங்களில் போர்டில் பழுதே இல்லை. பிளக் பாயின்டில் எர்த் இல்லை.

கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே மின் இரைச்சலை உண்டாக்குகிற பொருள். அதற்குள் இருக்கிற பவர் சப்ளை பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்., 230 வோல்ட் ஏசியை முதலில் 325 வோல்ட் அளவுக்கு டிசியாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. ஒவ்வொரு வெட்டும் நானோ நொடிக் கணக்கில் நடப்பதால், மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இரைச்சல் பரவும். மதர்போர்டில் பிராசசர் பக்கத்தில் வரிசையாக நிற்கிற காயில்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. போர்டுக்குத் துடிப்பு கொடுக்கிற 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் 50, 75, 100 என அதன் மடங்குகளிலும் அலை கிளம்பும். யூஎஸ்பி 3 பென்டிரைவ் செருகியதும் ஒயர்லெஸ் மவுஸ் திக்குவதும் இந்த ரகம்தான். அதற்கு எர்த் மருந்தல்ல. மவுஸ் ரிசீவரைத் தள்ளிச் செருகினால் போதும்.

உங்கள் வயரிங் வந்து சேர்கிற இடம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசல். இரைச்சல் லைனுக்குள் போகாதிருக்க அங்கே ஒரு பில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து பாடிக்கு, அதாவது கம்ப்யூட்டரின் உலோகக் கூட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள். பெரும்பாலும் நீல நிறம், வில்லை போல இருக்கும். பாடி எர்த்தோடு சேர்ந்திருக்கும் என்று நம்பித்தான் அவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை வெட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்து 230ஐப் பாதியாக்கி, பாடியில் 115 வோல்ட் அளவுக்கு நிறுத்திவிடும். டெஸ்டர் எரிவதும் கை ஜிவ்வென்று இழுப்பதும் அதனால்தான். ஓடுகிற கரண்ட் பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பியருக்குள்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லாத கம்ப்யூட்டரை எர்த் உள்ள இன்னொரு மிஷினோடு கேபிள் போட்டு இணைக்கும் நொடியில், அந்த வோல்ட்டேஜ் டேட்டா பின் வழியாகப் பாய்ந்து, கேபிள் செருகுகிற போர்ட்டையே சுட்டுவிடலாம்.

நாடெங்கிலுமிருந்து வைத்தியத்துக்கு ஆட்கள் வந்திறங்குகிற ஊர் நம்முடையது. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் லேப், ஸ்கேன் சென்டர், சின்ன கிளினிக் எத்தனை! ஈசிஜி மிஷின் பிடிக்கிற இதயத் துடிப்பின் சிக்னல் சுமார் ஒரு மில்லிவோல்ட். பக்கத்திலேயே எர்த் இல்லாத கம்ப்யூட்டர் பாடி 115 வோல்ட்டில் நின்றால், காகிதத்தில் மெல்லிய கோடு விழ வேண்டிய இடத்தில் 50 ஹெர்ட்ஸ் அலை தடித்த பட்டையாக விழும். அதைப் பார்த்து டாக்டர் என்ன முடிவெடுப்பார்?

இதைவிடப் பயங்கரம், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் சேர்த்துவிடுவது. மீட்டரில் எர்த் இருப்பது போலக் காட்டும், வாடிக்கையாளரும் சமாதானமாகிவிடுவார். நியூட்ரல் எங்காவது விட்டுப்போன அன்று, கம்ப்யூட்டர் பாடியில் முழு 230 வோல்ட் நிற்கும். இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் டிரிப் ஆகிறது என்று எர்த்தைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேலேயே விழக்கூடும். நிறைய கம்ப்யூட்டர்களின் பில்டர் லீக்கேஜ் ஒன்றாகச் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். லைனை இரண்டு மூன்றாகப் பிரித்து, தனித்தனி ஆர்சிசிபி போடுங்கள். பேஸை ஒரு சர்க்யூட்டிலும் நியூட்ரலை வேறொன்றிலும் எடுக்காதீர்கள்: ஆர்சிசிபி விழுவது ஒரு பக்கம், போகிற ஒயருக்கும் திரும்புகிற ஒயருக்கும் நடுவில் உள்ள இடைவெளியே ஏரியல் ஆகிவிடும். நெட்வொர்க் கேபிளையும் பவர் ஒயரையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள்.

எர்த் குழி பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் பாறை, பாலாற்று ஓரம் மணல். கத்திரி வெயிலில் ஈரம் வற்றியதும் கரியும் உப்பும் போட்ட குழிகூடக் கைவிட்டுவிடும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்புவது நம்மிடம் பழகிப்போன சோதனை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த பல்பு 530 ஓம் அளவு. எர்த் 50 ஓமாகக் கெட்டிருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், பளிச்சென்றுதான் எரியும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஐந்து ஓமுக்குள் வர வேண்டும் என்பதே நம் தொழில் வழக்கம்.

எஸ்டிமேட் கொடுக்கும்போது எர்த் குழியைத் தனி வரியாக எழுதுங்கள். "இது எதுக்கு தம்பி, செலவு" என்பார்கள். ஒரு மதர்போர்டின் விலையைச் சொல்லிப் பேசுங்கள். வேலை முடிந்ததும் எத்தனை ஓம் வந்தது, எந்தத் தேதியில் அளந்தது என்று மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த சித்திரையில் அங்கே வருகிறவர் திரும்ப அளந்து, கீழே எழுதட்டும்.