23 நிமிஷப் பாட்டுக்கு 55,000 ரூபாய்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் சனிக்கிழமை சாயங்காலம் குன்னூரில் நடந்த என் தங்கச்சி கல்யாண வரவேற்புக்கு உங்களிடம் டிஜே புக் பண்ணியவன் நான். மூணாம் நம்பர் பேக்கேஜ். அதில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் நோட்டீஸில் கலர் கலராக நீங்களே போட்டிருக்கிறீர்கள். போன் பண்ணிப் பார்த்தாச்சு, மூன்று தடவை நேரில் வந்தாச்சு, வாட்ஸ்அப்பில் எத்தனை அனுப்பினேன் என்று எண்ணவில்லை. எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்று போன வாரம் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆபீசில் மத்தியானத்துக்கு மேல் போன் எடுக்கும் அந்தத் தம்பி யார்? மூன்று தடவை பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "பத்து மணியோட நிறுத்திட்டாங்கன்னா நாங்க என்ன பண்றது, மிச்சத்தை நீங்களே பாடிக்க வேண்டியதுதானே சார், மலையில எக்கோ நல்லா வரும்" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்த சத்தமும் கேட்டது. அந்த வார்த்தை என்னை ஒரு மாதமாகத் தூங்கவிடவில்லை. பணத்தைக்கூட விடுங்கள் என்று சொல்லலாம், ஆனால் சொல்லமாட்டேன், பணமும் வேண்டும்.

சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்கு முடிப்பது என்று பேசினோம். உங்கள் வண்டி வந்தது 8:40க்கு. கேட்டால் மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள், இ-பாஸ் இல்லை என்றார் டிரைவர். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து வெளி வண்டி நீலகிரிக்கு ஏற இ-பாஸ் வேண்டும் என்பது மேட்டுப்பாளையத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி, அதற்கு மேல் விடக்கூடாது என்று ஹைகோர்ட் 2025இல் சொல்லியிருக்கிறது. மலைக் கல்யாணங்கள் நிறைய செய்கிறோம் என்று சொன்ன நீங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? சரி, தெரியாது என்றே வையுங்கள். பத்து நாள் முன்னாலேயே இ-பாஸ் எடுக்கும் லிங்கை உங்கள் நம்பருக்கு நான் அனுப்பியிருக்கிறேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, அதற்குக் கீழே நீங்கள் ஒரு கட்டைவிரலும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டைவிரலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் திருப்பூரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பாட்டு இல்லை, சாவு வீடு மாதிரி இருந்தது. சித்தப்பா பையன் கையில் வைத்துக் கேட்கும் புளூடூத் ஸ்பீக்கரை மண்டபத்து மைக்குக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பாவம், அவன் சாப்பிடக்கூட இல்லை.

வந்தவர்களாவது சாமானை இறக்கினார்களா என்றால், பாக்கி 30,000 கையில் வந்தால்தான் பெட்டியை இறக்குவோம் என்றார்கள். மார்ச்சிலேயே 25,000 கொடுத்தது போக மீதி நிகழ்ச்சி முடிந்த பிறகு என்பதுதான் பேச்சு. மாமாவிடம் வாங்கி, மொய்க் கவர் நாலைந்தைப் பிரித்து, கொடுத்தேன். மணமேடைக்குப் பின்னால் நின்று மொய்க் கவர் பிரித்த ஒரே அண்ணன் நானாகத்தான் இருப்பேன்.

9:22க்கு முதல் பாட்டு. உடனே பெட்டியிலிருந்து ஒரு "ம்ம்ம்ம்" சத்தம், பாட்டைவிடப் பெரிதாக. எர்த் சரியில்லை என்று ஒயரைப் பிடுங்கி மாட்டி, பிடுங்கி மாட்டி, அது ஒருவழியாக அடங்கினால் லேப்டாப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பாட்டெல்லாம் நெட்டில் இருக்கிறதாம்! பென் டிரைவ்கூட இல்லாமல் ஒரு டிஜே மலை ஏறி வந்திருக்கிறார். அந்த மண்டபத்தில் பிஎஸ்என்எல் தவிர எதுவும் எடுக்காது என்று புக் பண்ணும்போதே சொன்னேன். கடைசியில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா, கல்யாணப் பெண். பட்டுப்புடவையும் மாலையுமாக மேடையிலிருந்து போனை நீட்டிப் பாஸ்வேர்டு சொன்னாள். அந்தப் போட்டோவும் இருக்கிறது. புகை மிஷினை மட்டும் ஒழுங்காகப் போட்டார்கள். வெளியே பத்தடிக்கு ஆள் தெரியாமல் மஞ்சு இறங்கி நிற்கிற ஊரில் அதை யார் கேட்டது?

10 மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்தியது. நிறுத்தத்தான் செய்வார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஸ்பீக்கர் கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திலிருந்து இருக்கிற விதி, எங்கள் அனுமதிக் கடிதத்திலும் 10 மணி என்றுதான் போட்டிருந்தது. வீடியோவை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பாட்டு ஓடியது மொத்தம் 23 நிமிஷம். நிமிஷத்துக்கு 2,391 ரூபாய் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புக்கிங்கில் நான் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தேன், உங்கள் ஆள் நோட்டில் குறித்துக்கொண்டார்: "பைலா, 20 நிமிஷம்." பைலா என்றால் சிலோன் ஆட்டப் பாட்டு. என் அப்பா சிலோன் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1973இல், பத்து வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் என்ற ஊரில் இருக்கிற முகாமில் தங்கி, அப்புறம்தான் நீலகிரிக்கு வந்தார். எங்கள் சனங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பைலா போட்டால் எழுபது வயது அத்தைகூட எழுந்து ஆடும். கூடலூரிலிருந்து மூன்று அத்தைமார் அதற்காகவே வந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். 9:50க்கு அப்பாவே போய்க் கேட்டார். உங்கள் டிஜே, "பைலாவா, அது எந்தப் படம் சார்?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குப் போனது 55,000 இல்லை ஐயா, பத்து லட்சம் கொடுத்தாலும் அந்த ராத்திரி வராது.

உங்கள் ஆபீசுக்கு நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பேக்கரியில் வேலை எனக்கு, ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. முதல் தடவை மரியாதைக்கு ஒரு கிலோ ஊட்டி வர்க்கி பிஸ்கட் கொண்டுவந்தேன், வரவேற்பில் இருந்த அம்மா வாங்கி வைத்துக்கொண்டு "சார் மீட்டிங்" என்றார். இரண்டாவது தடவை "அக்கவுண்ட்ஸ் லீவு". மூன்றாவது தடவை நீங்களே திங்கட்கிழமை 11 மணிக்கு ரசீதோடு வரச்சொன்னீர்கள். விடியற்காலை பஸ் ஏறி, பதினாலு கொண்டை ஊசியும் சுற்றி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை, இன்னொரு டவுன் பஸ், வந்து பார்த்தால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. போன் பண்ணினால் அதே தம்பி, "எல்லாரும் பொள்ளாச்சி ஷோவுக்குப் போயிட்டாங்க, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" திரும்பும்போது மரப்பாலம் பக்கம் மரம் விழுந்து மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குள் மழையில் கிடந்தேன். எக்கோ நல்லா வரும் என்றாரே, பாடிப் பார்த்திருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போன மாதம் ஒரு பில் அனுப்புகிறீர்கள்! மியூசிக் லைசென்ஸ் 4,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 9,900. பில்லில் ஜிஎஸ்டி நம்பரே இல்லை. லைசென்ஸ் கட்டணம் எதற்கு? கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்துக்கும் பாட்டுப் போட ராயல்டி தேவையில்லை என்று காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசும் அதை அறிவிப்பாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பேக்கரிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தீர்கள் போல.

தயவுசெய்து 55,000 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள், அந்த பில்லை ரத்து செய்யுங்கள், அந்தத் தம்பியை என் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். சண்டை போடுவது எனக்கு ஆசை இல்லை. பத்து நாள் பார்ப்பேன். வராவிட்டால் நுகர்வோர் புகார் நம்பர் 1915க்குப் போன், அப்புறம் ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சத்துக்கு வழக்கு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதனால் இந்தத் தடவை மலை ஏற வேண்டியது நீங்கள். இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் ஆட்கள் அவசரத்தில் விட்டுப்போன கறுப்பு ஒயர் சுருள் ஒன்றும் இரண்டு பிளக் பாயிண்டும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அட்வான்ஸ் உங்களுக்கு வந்த என் ஜிபே நம்பருக்கே பணத்தைப் போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அண்ணன், குன்னூர்