பச்சை நெருப்புப் பந்து கேட்கும் பெடியனுக்காக

அன்பின் மச்சான் குணா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். வெயில் மட்டும் தாங்க முடியவில்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, மற்றபடி வழமைதான்.

சரி, உன் மூத்தவனின் விசயத்துக்கு வருவோம். காணொளி பார்த்துவிட்டு ரொறன்ரோ வீட்டின் பின்வளவில் பச்சை நிறத்தில் நெருப்புப் பந்து எழுப்பப் போகிறேன் என்று நிற்கிறான், நீ கெமிஸ்ற்றி படிப்பிக்கிறவன்தானே, என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆசையில் பிழையில்லை. ஆனால் நிறத்தையும் பந்தையும் அவன் ஒன்றாகக் கேட்கிறான் பார், வில்லங்கம் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பந்து. சொக்கப்பனை எரிகிறபோது மேலே ஏறும் சுவாலையை நினைத்துப் பார். அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் கரித்துகள் சூடேறி ஒளிர்வது. மண்ணெண்ணெய், பெற்றோல், குங்கிலியம் எதை மேலே எறிந்து கொளுத்தினாலும் இதுதான் நடக்கும்: மேகம் மாதிரி எழும்பும் எரிபொருளுக்கு வெளிப்பக்கத்தில் மட்டும்தான் காற்றுக் கிடைக்கும், உள்ளே காற்றுப் போதாமல் கரி பிறக்கும், அந்தக் கரிதான் சூட்டில் மின்னிக்கொண்டு உருண்டு மேலே போகும். தெற்கில் தொவில் என்கிற சிங்களப் பேயோட்டும் சடங்கில் ஆடுகிறவர்கள் பந்தத்தில் குங்கிலியப் பொடியை எறிந்து குப்பென்று நெருப்பு எழுப்புவார்கள், பார்த்திருப்பாய். அதே பொடியைக் குவித்து வைத்துத் தீக்குச்சி காட்டினால் உருகிப் புகைந்துகொண்டு மெல்ல எரியும். காற்றில் விசிறினால் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியாகக் காற்றுக் கிடைக்கிறது, எல்லாம் ஒரே நொடியில் எரிந்து முடிகிறது. லைக்கோப்போடியம் என்கிற, ஒரு செடியின் வித்தித் தூளும் இப்படித்தான். 1807 இல் பிரான்சில் நியெப்ஸ் சகோதரர்கள் அந்தத் தூளை வைத்து ஒரு எஞ்சினே ஓட்டிப் படகு விட்டார்கள்.

இனி நிறம். உயர்தரத்தில் செய்த சுவாலைச் சோதனை, உப்பைக் கம்பியில் தொட்டு நெருப்பில் பிடித்து நிறம் பார்த்தது, ஞாபகம் இருக்கும். நைக்குரோம் கம்பியை ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்துச் சுட்டாலும் மஞ்சள் போகாது, விரல் பட்டாலே போதும், வியர்வையில் இருக்கிற உப்பு மஞ்சளாகக் காட்டிக் கொடுத்துவிடும். சோடியத்தின் 589 நனோமீற்றர் மஞ்சளுக்கு எங்கள் கண்ணும் நல்லாய் வேலை செய்கிற இடம், அதனால் ஒரு துளி உப்பு மற்ற நிறங்களை எல்லாம் மூடிவிடும். கடற்காற்று அடிக்கிற எங்கள் ஆய்வுகூடத்தில் மஞ்சள் இல்லாத சுவாலை காண்பதே அரிது! பொற்றாசியத்தின் ஊதாவைக் காட்ட வேண்டுமென்றால் கோபாற்று நீலக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கச் சொல்வேன், அது மஞ்சளை விழுங்கிவிடும்.

வாணங்களில் சிவப்புக்கு ஸ்ட்ரொன்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செப்பு. இதில் பேரியமும் செப்பும் சும்மா வேலை செய்யாது. சுவாலைக்குள் குளோரீனும் இருக்க வேண்டும், பேரியம் குளோரீனோடு சேர்ந்து உண்டாகிற மூலக்கூறுதான் அந்தக் கடும் பச்சையை விடுகிறது. சிவப்புக்கும் குளோரீன் இருந்தால்தான் வடிவு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் பெர்தொல்லே பொற்றாசியம் குளோரேற்றைக் கண்டுபிடிக்கும்வரை வாணம் என்றால் பொன்னிறமும் வெள்ளையும்தான். குளோரேற்று வந்த பிறகு சூடும் குளோரீனும் ஒன்றாகக் கிடைத்தன, நிறங்கள் வந்தன, கூடவே விபத்துகளும் வந்தன, ஏனென்றால் அது கந்தகத்தோடு சேர்ந்தால் உரசலுக்கே வெடிக்கும். பிரித்தானியாவில் அந்தச் சேர்க்கையை 1894 இலேயே தடை செய்துவிட்டார்கள். நீலம் இன்றுவரை கஷ்டம். செப்புக் குளோரைட்டு மூலக்கூறு அதிக சூட்டில் உடைந்துவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் போதாது. வல்வெட்டித்துறையில் இந்திரவிழாவுக்கு நீ வந்தால் நல்லாய்க் கவனித்துப் பார், புகைக்குண்டு என்கிற கடதாசிப் பலூன்கள் எல்லாம் ஏறி முடிந்து வாணம் விடுகிறபோது சிவப்பும் பச்சையும் பளிச்சென்று வரும், நீலம் மட்டும் வெளிறித் தெரியும். நல்ல நீலம் ஒன்று கண்டால் அதைச் செய்தவனுக்குத் தொழில் தெரியும் என்று வைத்துக்கொள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார். கரி மின்னுகிற மஞ்சள் பந்துக்குள் பேரியத்தின் பச்சை எங்கே தெரியும்? அமிழ்ந்து போகும். பச்சை தெரிய வேண்டுமென்றால் கரி பிறக்காத எரிபொருள் வேண்டும். அதற்குப் பெடியள் தேடிப் போவது மெதனோல் என்கிற மதுசாரம். இங்கேதான் எனக்குப் பயம்.

மெதனோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழும்பத் தொடங்குகிற சூடு, கிட்டத்தட்ட 11 பாகை செல்சியஸ். மண்ணெண்ணெய்க்கு அது 38க்கு மேலே. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத நாட்களில் நாங்கள் மோட்டார்சைக்கிளை எப்படி ஸ்டார்ட் பண்ணினோம், மறக்கவில்லையே? இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுப் பிடிக்க வைத்து, எஞ்சின் சூடேறினபிறகுதான் மண்ணெண்ணெயில் ஓடும். ஆவி வராமல் மண்ணெண்ணெய் பற்றாது, அதனால்தான் ஜாம் போத்தல் விளக்கை மேசையில் வைத்துக்கொண்டு நாங்கள் பயமில்லாமல் படித்தோம். மெதனோல் அப்படியில்லை, கோடை நாளில் போத்தலின் மூடியைத் திறந்தாலே எரியக்கூடிய ஆவி வெளியே நிற்கும். சுவாலையும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப ஊற்றுகிறபோது நெருப்புப் போத்தலுக்குள் ஏறும், உள்ளே இருக்கிற ஆவி பற்றி மிச்ச மெதனோலைப் பீச்சி அடிக்கும், எதிரில் இருக்கிறவர் மீற்றர்க் கணக்கில் தள்ளி இருந்தாலும் எரிவார். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் வானவில் சுவாலை என்று மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து உப்புகளை எரித்துக் காட்டுவார்கள், அதில் இப்படிப் பிள்ளைகள் பலர் எரிந்திருக்கிறார்கள். 2014 இல் அந்த நாட்டின் இரசாயன விபத்து விசாரணைச் சபை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது, அமெரிக்க இரசாயனக் கழகமும் அந்தச் செய்முறையை விட்டுவிடச் சொன்னது. படிப்பிக்கிறவர்கள் கையிலேயே இப்படி என்றால் பின்வளவில் காணொளி பார்த்துச் செய்கிறவனுக்கு என்ன சொல்ல?

ஆக, பந்து வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லு. நான் சொன்னேன் என்றே சொல்லு, என்னில் கோபித்தால் பரவாயில்லை. ஆனால் நிறத்தைத் தடுக்காதே. மரக்குச்சிகளை உப்புக் கரைசலில், தண்ணீரில்தான், ஊற வைத்துப் பள்ளிக்கூடத்தில் பன்சன் சுடரடுப்பில் ஆசிரியரோடு பார்க்கட்டும். செப்புக்கு மயில்துத்தம் போதும், எங்கள் தோட்டக்காரர் முந்திரிகைக் கொடிக்கு அடிக்கிற அதே சாமான். குளோரீன் சேராத செப்பு நீலமாக இல்லாமல் பச்சையாகத்தான் எரியும், ஆகவே பச்சை அங்கேயே கிடைத்துவிடும். பேரியம் நஞ்சு, அதை வீட்டுக்குக் கொண்டுவர விடாதே. ஒரு பழைய குறுவட்டைச் சரித்துப் பிடித்து அதில் சுவாலையின் ஒளியைப் பிரித்துப் பார்க்கப் பழகினான் என்றால் பன்சனும் கிர்க்கோவும் 1860 இல் சீசியம் என்கிற மூலகத்தைக் கண்டுபிடித்த வேலைக்குப் பக்கத்தில் வந்துவிடுவான், பந்தை விட அது அவனைப் பிடித்துவைக்கும் என்பது என் எண்ணம். வளர்ந்தபிறகும் ஆசை குறையவில்லை என்றால் கனடாவில் வாணவேடிக்கை நடத்துகிறவர்களுக்கென்று அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது, முறையாகப் படித்துப் போகட்டும்.

வேறென்ன, உன் தங்கச்சியின் காணிப் பிரச்சினை இன்னும் இழுபடுகிறது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சித்திரைக்கு வருவதென்றால் ரிக்கற்றை இப்பவே போடு, பிறகு விலை ஏறிவிடும். வரும்போது நல்ல கோபாற்று நீலக் கண்ணாடித் துண்டு இரண்டு கொண்டுவா, பள்ளிக்கூடத்தில் இருந்தது உடைந்து போய்க் கன நாள்.

அன்புடன்,
சிவா
யாழ்ப்பாணம்