குலசேகரத்திலிருந்து ஒரு புலம்பல்

மக்கா,

இங்கு எல்லாரும் நலம். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறது. கணக்கு சாருக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எனக்கு இப்போது திட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ரப்பர் தோட்டத்தில் மழைமானி வைப்பதாகச் சொன்னேன் அல்லவா? இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருக்குமா என்பது, விடியற்காலையில் பால் வெட்டக் கிளம்புகிறவர்களுக்கு முன்பே தெரிய வேண்டும். அதற்காக 'திறந்த வன்பொருள்' முத்திரையைப் பார்த்து, அதாவது வடிவமைப்பை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற உறுதியை நம்பி, வைஃபை உள்ள ஒரு மின்னணு போர்டு வாங்கினேன். சர்க்யூட் வரைபடம் தந்தார்கள், போர்டை அச்சிடுவதற்கான பிசிபி கோப்புகள் தந்தார்கள். லினக்ஸிலிருந்து வைஃபை சிப்பை இயக்கும் டிரைவரின் மூலநிரலும் கிடைக்கிறது. ஆனால் நடுராத்திரியில் வைஃபை செத்துப்போகிறது. டிரைவரை வரிவரியாகப் படித்தேன், அதில் குற்றமில்லை. சிப்புக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபெர்ம்வேர் மயங்கி விழுகிறது, டிரைவர் அதைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபெர்ம்வேரோ வெறும் பைனரி, மனிதர் படிக்கும் மூலநிரல் தரவில்லை. விற்றவர்கள் சிப் செய்தவர்களைக் கேட்கச் சொல்கிறார்கள். அவர்களோ ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வாய் திறப்பார்களாம். வீட்டை எழுதித் தந்துவிட்டுப் பத்தாயத்துச் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்ட ஒரு மாமனாரை நம் இருவருக்கும் தெரியும், பெயர் வேண்டாம்.

முத்திரை பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். திறந்த வன்பொருள் சங்கத்தின் சான்றிதழுக்கு, தயாரிப்பாளர் தன் கையால் உருவாக்கியதைத் திறந்தால் போதும். வாங்கிப் பொருத்திய சிப் மூடியிருக்கலாம். ரிஸ்க்-வி செயலி என்றதும் துள்ளாதே. அதில் திறந்திருப்பது கட்டளைத் தொகுதி, அதாவது செயலி எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பட்டியல். அதை வைத்து முழுக்க மூடிய சிப்பும் செய்யலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிபோல வடிவமைப்பையே வெளியிடுகிறவர்கள் குறைவு. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் முதல் மாடலில் மின்சாரம் வந்ததும் விழிப்பது கிராஃபிக்ஸ் பகுதி; அது மெமரி கார்டிலிருக்கும் மூடிய நிரலைப் படித்த பிறகே லினக்ஸுக்கு முறை வரும்.

இதைவிட வேடிக்கை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சான்றிதழ் விதி. வைஃபை சிப் போன்ற துணைச் செயலிக்குள் மூடிய நிரல் இருந்தாலும், விற்ற பிறகு அதில் வேறு நிரல் ஏற்றும் நோக்கமில்லை என்றால் வன்பொருளோடு சேர்த்துவிடலாமாம்! பிழையைத் திருத்தும் எண்ணமே இல்லாமல் புதைத்தால் சுத்தம்; திருத்த இடம் வைத்தால் தீட்டு. எனக்கு இது ஏறவில்லை. முத்திரை குத்துகிறவர்கள் எந்தச் சிப்பில் எந்த நிரல் மூடியது என்று அட்டையிலேயே அச்சிடட்டும். பிறகு வாங்குவது என் பாடு.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? உன் பழைய யுஎஸ்பி வைஃபை குச்சியில் ஏத்திரோஸ் ஏஆர்9271 சிப் இருக்கிறதா பார். அதன் ஃபெர்ம்வேர் மூலநிரலை 2013-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டாலும் ஒரு வரி எழுது.

உன்,
குலசேகரத்தான்