தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு மண்டலச் சுற்று கொடுங்கள்

மாநிலப் பள்ளி ரோபோட்டிக்ஸ் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த வருடச் சுற்றறிக்கை திங்கட்கிழமை வந்தது. மண்டலச் சுற்று சென்னை, கோவை, மதுரை. காலை 8 மணிக்குள் வர வேண்டும், தாமதமாக வரும் அணிகளுக்கு அனுமதி இல்லை. போன வருடமும் இதே வரிகள்தான். எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பள்ளிகள் சேர்ந்து உங்களுக்குக் கடிதம் போட்டோம், பரிசீலிக்கிறோம் என்று பதில் எழுதினீர்கள், நாங்களும் நம்பிக் காத்திருந்தோம். அதனால்தான் இந்த முறை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இங்கேயே ஒரு மண்டலச் சுற்று நடத்துங்கள்.

நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. போன வருடம் எங்கள் மன்றத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் லைன் ஃபாலோயர் வண்டி, அதாவது தரையில் போட்ட கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் வண்டி செய்தார்கள். புரோகிராம் ஏற்றுகிற சின்ன போர்டான ஒரு அர்டுயினோ, இரண்டு மோட்டார், கோட்டின் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறியும் ஐந்து ஐஆர் சென்சார், அடித்தட்டுக்குப் பழைய சுவிட்ச் பெட்டியின் மூடி. யாரோ வீட்டுக் கல்யாண பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம், அதுதான் டிராக். மோட்டாரை இயக்கும் சர்க்யூட்டான மோட்டார் டிரைவர் எரிந்துபோனால் ஆன்லைனில் போட்டுவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்போம். இதெல்லாம் எங்களுக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை.

கஷ்டம் பயணத்தில்தான். கோவையில் 8 மணிக்கு இருக்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே கிளம்ப வேண்டும். பென்னாகரத்திலிருந்து தர்மபுரி, அங்கிருந்து சேலம் வழியாகக் கோவை, 200 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளின் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும்தான் செல்லும், மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி, அதனால் டிக்கெட் எங்கள் கைக்காசு. தொப்பூர் கணவாயைத் தாண்டும்போது மணி பதினொன்றரை இருக்கும். வண்டியை அட்டைப்பெட்டியில் வைத்து ஒரு பெண் மடியில் பிடித்திருந்தாள். பஸ் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் பெட்டியை மடியிலிருந்து இரண்டு விரல்கடை தூக்கிக்கொள்வாள், அப்புறம் மெதுவாக இறக்குவாள். கோவை வரைக்கும் அப்படித்தான் வந்தாள், கண்ணை மூடவில்லை. விடியற்காலை 4 மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கி, வெளிச்சம் வருகிறவரை நான்கு பெண்பிள்ளைகளையும் என்னைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்திலேயே இருந்தேன். முகம் கழுவ ஒரு இடம் தேடி அலைந்ததை இங்கே விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அரங்கத்தில் பெட்டியைத் திறந்தால் ஒரு மோட்டார் ஒயர் விட்டிருந்தது. அதைப் பற்றவைத்து முடிப்பதற்குள் பயிற்சி நேரம் போய்விட்டது. ஐஆர் சென்சார் எங்கள் வகுப்பறை வெளிச்சத்தில் காட்டும் எண் வேறு, உங்கள் அரங்க விளக்கில் காட்டும் எண் வேறு. டிராக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான அளவைத் திருத்த முடியும். பெட்டியை மடியில் வைத்து வந்த பெண் இதைப் பள்ளியில் இரண்டே நிமிடத்தில் செய்வாள். அன்றைக்கு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், கை ஓடவில்லை. இரண்டாவது வளைவில் வண்டி கோட்டை விட்டு வெளியே போனது, அத்தோடு முடிந்தது. தோற்றதற்காக நான் இதை எழுதவில்லை, போட்டி என்றால் யாராவது தோற்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து மேஜைப் பிள்ளைகள் வீட்டில் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு அணிக்கும் ஒரே விதிதான் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

இந்த வருடம் அந்த நால்வரில் இரண்டு பேரை வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள். “ராத்திரி பஸ்ல எப்படி டீச்சர் அனுப்புறது?” என்று ஒரு அம்மா கேட்டார். அவரிடம் நான் என்ன பேச முடியும்? அந்த இருவரில் ஒருத்திதான் புரோகிராம் எழுதுகிறவள். எங்கள் பக்கத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண்ணை வீட்டார் நம்பி வெளியே அனுப்புவதே பெரிய காரியம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக இருந்த மாவட்டம் இது.

இந்த மாவட்டங்களிலிருந்து அணிகள் குறைவாக வருகின்றன என்று உங்கள் பதிலில் இருந்தது. வர முடியாததால்தான் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியில் இருக்கிற பள்ளிக்கு எங்களைவிடத் தூரம். இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, தர்மபுரி செட்டிக்கரையில் 2013 முதல் இன்னொன்று இருக்கிறது. அரங்கம், ஆய்வகம், நடுவராக உட்காரப் பேராசிரியர்கள் எல்லாம் அங்கேயே உண்டு. ஓசூரில் பைக்கும் லாரியும் செய்கிறார்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், அந்தத் தொழிற்சாலைகளின் வேலைக்கு எங்கள் பிள்ளைகள் வேண்டும், ஆனால் பள்ளியில் படிக்கும்போது அவர்கள் செய்த ஒரு வண்டியை ஓட்டிக் காட்ட இந்த இரண்டு மாவட்டத்திலும் ஒரு மேடை இல்லை. விதிப்புத்தகம்கூட ஆங்கிலத்தில் மட்டும்தான் வருகிறது, நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தமிழில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான், பர்கூரிலோ செட்டிக்கரையிலோ ஒரு நாள், ஒரு மண்டலச் சுற்று. டிராக் போட, மேஜை நகர்த்த, சாப்பாடு பரிமாற நாங்கள் ஆசிரியர்கள் வருகிறோம். இந்த வருடம் அதற்கு வழியே இல்லையென்றால், 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அணிகளுக்காவது மதியம் 2 மணிக்கு மேல் நேரம் ஒதுக்குங்கள். விடியற்காலை பஸ் பிடித்தால் வந்துவிடுவோம், அந்த அம்மாவிடமும் நான் மறுபடி போய்க் கேட்கலாம். பதிவுக்குக் கடைசி நாள் வருவதற்குள் பதில் தரும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்து அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை